சென்னையின் முகத்தை வரைந்த ராபர்ட் சிஷோம்: யார் இவர், இவருடைய கட்டிடங்கள் இன்று என்ன நிலையில் இருக்கின்றன?

தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் சென்ட்ரல். படியேறி வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகை. எல்லோரும் போட்டோ எடுப்பதும் அதைத்தான். அதற்குப் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில், ஒரு ஓரத்தில் கோபுரத்தோடு இன்னொரு கட்டிடம் இருக்கிறது. விக்டோரியா பப்ளிக் ஹால். தினமும் அந்த வழியாக ஆபீஸ் போகிறவர்களில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அதை வரைந்தவர் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

அவர் பெயர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். மெரினாவை ஒட்டி இருக்கும் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், சேப்பாக்கம் அரண்மனையின் நடுக்கோபுரம், ராஜாஜி சாலையில் இருக்கும் தலைமைத் தபால் நிலையம், அண்ணா சாலையில் இருக்கும் பி.ஆர். அண்ட் சன்ஸ் கட்டிடம் எல்லாம் இவர் கைவண்ணம்தான். சென்னை என்றதும் நம் மனதில் வரும் ஒரு சித்திரம் இருக்கிறதே, அதில் பெரிய பங்கு இவருக்கு உண்டு.

ஆனால் இவர் கதையை ‘வெள்ளைக்காரர் வந்தார், அழகாகக் கட்டிக் கொடுத்தார்’ என்று முடித்துவிட முடியாது. அந்தக் கட்டிடங்களுக்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது, ஒரு பஞ்சம் இருக்கிறது, பெயர் எழுதப்படாத ஆயிரக்கணக்கான கொத்தனார்களும் சித்தாள்களும் இருக்கிறார்கள்.

சுருக்கமாக

• பிறப்பு: 1840, லண்டன். இறப்பு: 1915, இங்கிலாந்து.
• சென்னைக்கு வந்தது: 1860-களின் நடுவில்.
• பதவி: சென்னை மாகாண அரசின் ஆலோசகக் கட்டிடக் கலைஞர், 1877 முதல் 1883 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைவர்.
• பெயர் பெற்ற பாணி: இந்தோ-சரசெனிக்.
• சென்னைக்குப் பிறகு: பரோடா, கடைசியில் லண்டன்.

24 வயதில் கிடைத்த பெரிய வாய்ப்பு

சிஷோம் இளம் வயதிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டார். முதலில் இருந்தது சென்னையில் இல்லை, வங்காளத்தில். அங்கே பொதுப்பணித் துறையில் வேலை.

1864-ல் சென்னை மாகாண அரசு ஒரு போட்டியை அறிவித்தது. மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்கும் கட்டிட வடிவமைப்பு வேண்டும், யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம் என்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி சொந்தக் கட்டிடம் இல்லை. சிஷோம் அனுப்பிய வரைபடம் தேர்வானது. அப்போது அவருக்கு 24 வயது. இன்றைக்கு முதல் வேலையில் சேர்ந்து இரண்டாவது அப்ரைசலுக்குக் காத்திருக்கும் வயசு.

1867-ல் மாநிலக் கல்லூரியின் கட்டுமானம் தொடங்கியது. 1870 மார்ச்சில் விக்டோரியா ராணியின் மகன், எடின்பரோ கோமகன் வந்து திறந்து வைத்தார். பிற்காலத்தில் ராஜாஜி, சி.வி.ராமன், எஸ்.சந்திரசேகர் போன்றவர்கள் படித்தது இந்தக் கல்லூரியில்தான்.

ஒரு சின்னத் தகவல். கல்லூரியின் உச்சியில் நான்கு பக்கமும் கடிகாரம் வைத்த குவிமாடம் தெரியும் இல்லையா? அது சிஷோம் காலத்தது இல்லை. 1940-ல் சேர்த்தது. கல்லூரி முதல்வராக இருந்த ஃபைசன் பெயரால் அதை ஃபைசன் குவிமாடம் என்கிறார்கள்.

மாநிலக் கல்லூரியை உற்றுப் பார்த்தால் அது இத்தாலிய பாணி. ஐரோப்பாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருக்கும். அதே கடற்கரையில் சில நூறு மீட்டர் வடக்கே இருக்கும் செனட் ஹவுஸைப் பாருங்கள். குவிமாடம், வண்ணக் கற்தூண்கள், மூலைக்கு ஒரு கோபுரம் என்று வேறு உலகம். வரைந்தது ஒரே ஆள்தான். இடையில் என்ன நடந்தது?

பாணி மாறியது ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று, பக்கத்து வீடு. இன்னொன்று, புது கவர்னர்.

பக்கத்து வீடு என்றால் சேப்பாக்கம் அரண்மனை. 1768-ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்று இரண்டு பகுதிகள். வாலாஜா சாலை என்று நாம் சொல்வது இந்த நவாபின் பெயரைத்தான். 1855-ல் அப்போதைய நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தார். நவாப் பட்டமே இனி கிடையாது என்று ஆங்கிலேய ஆட்சி அறிவித்தது. அரண்மனையும் அரசின் கைக்குப் போனது. ஒரு அரச குடும்பத்தின் வீடு வருவாய்த் துறை ஆபீஸ் ஆன கதை இது.

புது கவர்னர் என்றால் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னர். கூவம் கடலில் கலக்கும் இடத்தில், 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு பெயின்ட் அடித்த பாலம் ஞாபகம் இருக்கா? நேப்பியர் பாலம். அந்த நேப்பியர்தான். கட்டிடக் கலையில் பெரிய ஆர்வம் உள்ளவர். இந்தியாவில் அரசு கட்டும் கட்டிடங்கள் இந்திய பாணியில் இருக்க வேண்டும், அதிலும் இஸ்லாமிய மன்னர்கள் வளர்த்த வளைவும் குவிமாடமும் பொருத்தம் என்பது அவர் கட்சி. வெயிலுக்கும் மழைக்கும் அது தோது என்றும் வாதிட்டார்.

சேப்பாக்கம் அரண்மனையை அரசு அலுவலகமாக விரிவாக்கும் வேலை சிஷோமிடம் வந்தது. பக்கத்தில் கிரேக்கத் தூணும் இத்தாலிய மாடமும் வைத்தால் ஒட்டாது. எனவே இரண்டு மஹால்களுக்கும் நடுவே நவாப் பாணிக்கு இசைவாக ஒரு உயரமான கோபுரம் எழுப்பினார். கடற்கரைப் பக்கம் வருவாய் வாரியத்துக்கான கட்டிடத்தையும் அதே சாயலில் சேர்த்தார். இன்றைக்கு எழிலகம் வளாகத்துக்குள் போகிறவர்கள் பார்ப்பது நவாபின் அரண்மனையும் சிஷோமின் சேர்க்கையும் கலந்த ஒன்றைத்தான். எது எங்கே முடிகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது.

இந்தோ-சரசெனிக் என்றால் என்ன?

சரசென் என்பது ஐரோப்பியர்கள் முஸ்லிம்களைக் குறிக்கப் பயன்படுத்திய பழைய சொல். இந்திய இஸ்லாமியக் கட்டிடங்களின் குவிமாடம், கூர்வளைவு, மினார், ஜாலி ஆகியவற்றை எடுத்து, கூடவே கோயில், அரண்மனை வேலைப்பாடுகளையும் கலந்து, உள்ளே ஐரோப்பிய ஆபீஸ், கோர்ட், ஸ்டேஷனுக்குத் தேவையான அறை அமைப்பை வைத்துக் கட்டினால் அதுதான் இந்தோ-சரசெனிக். வெளியே இந்திய உடை, உள்ளே ஐரோப்பிய உடம்பு.

இது வெறும் ரசனை விஷயம் இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். 1857 பெரும் கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணியின் கைக்கு நேரடியாகப் போனது. நாங்கள் வெளியாட்கள் இல்லை, முகலாயர்களுக்குப் பிறகு இந்த மண்ணை ஆள உரிமை பெற்றவர்கள் என்று காட்டிக்கொள்ளும் தேவை ஆங்கிலேயர்களுக்கு இருந்தது. அதைக் கல்லிலும் செங்கல்லிலும் சொன்ன பாணி இது.

இதில் ஒரு முரண் உண்டு. கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் பெயர் போன தமிழ்நாட்டின் தலைநகரில், அரசு தனக்கென்று எடுத்துக்கொண்டது வடக்கே வளர்ந்த குவிமாடத்தைத்தான். கோயில் பாணி மதத்துக்கு, முகலாய பாணி ஆட்சிக்கு என்று ஆள வந்தவர்கள் கோடு போட்டுக்கொண்டார்கள்.

தாது வருஷத்தில் எழுந்த செனட் ஹவுஸ்

செனட் ஹவுஸ் கட்டுமானம் 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. சிஷோமின் மிகச் சிறந்த படைப்பு எது என்று கேட்டால் பலரும் கை காட்டுவது இதைத்தான். நடுவில் ஒரு பெரிய மண்டபம், இரண்டு பக்கமும் தூண்கள் வைத்த நடைவழி, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சுவர் ஓவியங்கள், பைசாந்திய சாயலில் குவிமாடங்கள். தூண் தலைப்புகளில் இருக்கும் செதுக்கு வேலையில் இந்தியச் சாயல் தெரியும்.

இப்போது அந்த வருஷங்களை இன்னொரு முறை பாருங்கள். 1874 முதல் 1879. நடுவில் வந்தது 1876-78 பெரும் பஞ்சம். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்பார்களே, அது. சென்னை மாகாணம் முழுக்கப் பல லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். கிராமங்கள் காலியாகி ஜனங்கள் சென்னையை நோக்கி நடந்தே வந்தார்கள். ஊரில் தானியம் இல்லை. துறைமுகத்தில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன.

பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் அரசு பசித்தவர்களுக்கு மண் வெட்டும் வேலை கொடுத்தது. அப்படி 1877-78-ல் வெட்டப்பட்டதுதான் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி. சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குக் கீழே கறுப்பாகத் தேங்கி நிற்கிறதே, அந்தக் கால்வாய்தான். செனட் ஹவுஸிலிருந்து நடந்தே போகிற தூரம்.

ஒரு பக்கம் வண்ணக் கண்ணாடி பொருத்திய மண்டபம் எழுகிறது. சற்றுத் தள்ளி எலும்பும் தோலுமான மனிதர்கள் கூலிக்குக் கால்வாய் வெட்டுகிறார்கள். இரண்டும் ஒரே அரசு, ஒரே வருஷங்கள். பஞ்சத்துக்கு சிஷோம் பொறுப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் செனட் ஹவுஸின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசினால் பாதிக் கதைதான்.

அந்த மண்டபத்துக்குப் பின்னாளில் இன்னொரு பெருமை வந்தது. 1937-ல் தேர்தல் நடந்து ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தபோது, சென்னை மாகாண சட்டப்பேரவை அந்த ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை கூடியது இங்கேதான். ஆட்சியாளர்களின் பெருமைக்காக எழுந்த மண்டபத்தில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள்.

நாஞ்சில் நாட்டுக் கூரை சென்னைக்கு வந்தது எப்படி?

சிஷோமிடம் இருந்த ஒரு நல்ல குணம், போன இடத்தில் உள்ளதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

திருவனந்தபுரத்தில் ஒரு அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்று திருவாங்கூர் அரசு அவரை அழைத்தது. அங்கே போனவர் நேராக மினாரும் குவிமாடமும் வரையவில்லை. உள்ளூர் வீடுகளையும், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையையும் போய்ப் பார்த்தார். கொட்டும் மழைக்கு ஏற்ற சரிவான ஓட்டுக்கூரை, முகப்பில் செதுக்கு வேலை செய்த மர முக்கோணம், காற்று உள்ளே போய் மேலே வெளியேறும் அமைப்பு ஆகியவற்றை அங்கேதான் கவனித்தார். 1880-ல் முடிந்த அந்த அருங்காட்சியகத்தில் அதையெல்லாம் பார்க்கலாம். பெயர் நேப்பியர் மியூசியம். பழைய கவர்னரை சிஷோம் மறக்கவில்லை போலிருக்கிறது.

அந்தக் கூரை அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1884-ல் செயல்படத் தொடங்கிய சென்னை தலைமைத் தபால் நிலையத்தின் கோபுரங்களுக்கு மேல் தொப்பி மாதிரி வைத்தது திருவாங்கூர்க் கூரையைத்தான். விக்டோரியா ஹாலிலும் அதே சாயல் உண்டு. அடுத்த முறை சென்ட்ரல் பக்கம் போகும்போது அண்ணாந்து பாருங்கள். நாகர்கோவில்காரர்களுக்கு அது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

மதுரை திருமலை நாயக்கர் மஹாலும் அவரை ஈர்த்தது. 17-ம் நூற்றாண்டு அரண்மனையான அது இடிந்து கிடந்த நிலையில், நேப்பியர் காலத்தில்தான் சீரமைப்பு நடந்தது. சிஷோம் அந்த அரண்மனையை அளந்து, ஆராய்ந்து, லண்டனில் இருந்த கட்டிடக் கலைஞர்களின் சங்கத்தில் அதைப் பற்றிக் கட்டுரையே படித்தார்.

பெயர் இல்லாத மேஸ்திரிகள்

ஐரோப்பாவில் ஒரு குவிமாடம் கட்ட வேண்டுமென்றால் முதலில் கீழே மரத்தால் முட்டுக் கொடுத்து, குவிமாட வடிவத்திலேயே ஒரு சாரம் கட்டுவார்கள். அதன் மேல் கல் அடுக்கி, காய்ந்ததும் சாரத்தை எடுப்பார்கள். மரச்செலவே பாதி செலவு.

நம் ஊர்க் கொத்தனார்கள் வேறு மாதிரி செய்தார்கள். செங்கல்லை வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையத்தையும் சற்று உள்ளே சாய்த்து வைத்துக்கொண்டே மேலே போவார்கள். ஒரு வளையம் முழுசாக மூடியதும் அது தன்னையே தாங்கிக்கொள்ளும். அதன் மேல் அடுத்த வளையம். கீழே பெரிய சாரம் வேண்டாம். இந்தியாவில் குவிமாடம் கட்டும் முறையைப் பற்றி சிஷோம் 1880-களில் லண்டனில் தனியாக ஒரு கட்டுரை படித்திருக்கிறார். கற்றுக்கொடுக்க வந்தவர் கற்றுக்கொண்டு போய்ச் சொன்ன விஷயம் அது.

1877-ல் அவர் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவர் ஆனார். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய பள்ளி அது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்ற பெயரில் எழும்பூர் பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இயங்குகிறது. உள்ளூர்க் கைவினைகளுக்கு அங்கே இடம் வேண்டும் என்று நினைத்தார் சிஷோம். அந்தப் பள்ளியில் பிற்காலத்தில் முதல் இந்திய முதல்வராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பாறையைப் புரட்டும் அந்த 4 பேர் இன்று நிற்பது சிஷோம் கட்டிடங்கள் இருக்கும் அதே கடற்கரை சாலையில்.

ஆனால் கட்டிடங்களை நிஜமாகவே தூக்கி நிறுத்திய உழைப்பாளர்கள்? சுண்ணாம்பு அரைத்தவர்கள், செங்கல் சுமந்த பெண்கள், தூண் செதுக்கியவர்கள் பெயரெல்லாம் நமக்குக் கிடைக்கவில்லை. அரசு ஆவணத்தில் ஆர்க்கிடெக்ட் பெயர் இருக்கும். மிஞ்சிப்போனால் கான்ட்ராக்டர் பெயர் இருக்கும்.

அப்படிப் பெயர் தெரிந்த ஒருவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா ஹாலைக் கட்டிய ஒப்பந்ததாரர். அந்தக் கால சென்னையின் பெரிய பெரிய கட்டிடங்கள் பலவற்றைக் கட்டியவர். கணித மேதை ராமானுஜன் 1920-ல் கடைசி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான வீட்டில்தான்.

நாடகம், சினிமா, கூட்டம்: விக்டோரியா ஹால்

செனட் ஹவுஸ் படித்தவர்களுக்கு. விக்டோரியா ஹால் ஊர் ஜனங்களுக்கு. பொதுக்கூட்டம் நடத்த ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் பணம் திரட்டினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்கும்போது ராணியின் பொன்விழா வந்ததால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பெயர் ராணியுடையது. உள்ளே நடந்தது எல்லாம் நம்முடையது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகங்கள் இங்கே நடந்தன. வக்கீல்களும் அரசு ஊழியர்களும் மேடையேறி, நாடகம் என்றாலே முகம் சுளித்தவர்களைப் பார்க்க வைத்த காலம் அது. 1896-ல் ஸ்டீவன்சன் என்ற போட்டோகிராபர் சென்னையின் முதல் சலனப் படக் காட்சியை நடத்தியதும் இங்கேதான் என்கிறார்கள். கோலிவுட்டுக்குப் பூர்வீகம் தேடினால் இந்த ஹாலுக்குத்தான் வர வேண்டும். 1897-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பேசியதும் இங்கே.

இவையெல்லாம் சிஷோம் கட்டியவை இல்லை

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிவப்பாக, குவிமாடத்தோடு இருந்தாலே சிஷோம் என்று போட்டுவிடுகிறார்கள். உயர் நீதிமன்றம் (1892), எழும்பூர் ரயில் நிலையம் (1908) இரண்டும் அவருக்குப் பின் வந்த ஹென்றி இர்வின் பெயரோடு சேர்ந்தவை. உயர் நீதிமன்றத்தின் ஆரம்ப வடிவமைப்பு பிராசிங்டன் என்பவருடையது. சென்ட்ரலை முதலில் வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹார்டிங். பிறகு நடந்த மாற்றங்களில்தான் சிஷோமுக்குப் பங்கு உண்டு என்கிறார்கள்.

அதேபோல் சென்னைக்கு வெளியே இருப்பதால் கவனிக்கப்படாமல் போகும் சிஷோம் கட்டிடங்களும் உண்டு. ஊட்டி லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி, ஊட்டி நீலகிரி நூலகம், பர்மாவில் ரங்கூன் ஹோலி டிரினிட்டி தேவாலயம் ஆகியவை அந்தக் கணக்கில் வரும்.

பரோடாவும் லண்டனும்

1880-களின் நடுவில் சிஷோம் சென்னையை விட்டுக் கிளம்பினார். அழைத்தது பரோடா சமஸ்தானம். அங்கே லட்சுமி விலாஸ் அரண்மனையைக் கட்டிக்கொண்டிருந்த சார்லஸ் மாண்ட் 1881-ல் இறந்துபோனார். தன் கணக்கு தப்பு, கட்டிடம் இடிந்து விழுந்துவிடும் என்ற பயத்திலேயே அவர் மனநிலை பாதிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அந்த அரண்மனையை சிஷோம் பொறுப்பேற்று 1890-ல் முடித்தார். அது இன்னும் கம்பீரமாக நிற்கிறது. பரோடாவில் அவர் கட்டிய கல்லூரியின் பிரமாண்டமான குவிமாடத்தைப் பார்த்தால் பிஜப்பூர் கோல் கும்பஸ் நினைவுக்கு வரும்.

1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார். லண்டன் செல்சியில் அவர் கட்டிய ஒரு தேவாலயம் 1907-ல் முடிந்தது. பைசாந்திய பாணி. செனட் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு உறவு தெரியும். 1915-ல் இறந்தார்.

அந்த லண்டன் தேவாலயத்துக்குப் பிறகு நடந்தது நமக்கு முக்கியம். 1990-களில் கூட்டம் குறைந்து தேவாலயம் மூடப்பட்டது. பெரும் பணக்காரரான முகமது அல் ஃபாயத் அதை வாங்கி வீடாக மாற்ற நினைத்தார். பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்பதால் நடக்கவில்லை. பிறகு கை மாறி, 2004-ல் கேடோகன் ஹால் என்ற இசை அரங்கமாகத் திறந்தது. இன்று ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக் குழுவின் இருப்பிடம் அது. பணம் இருந்தும் நினைத்ததைச் செய்ய முடியாதபடி சட்டம் தடுத்தது; கட்டிடத்துக்கு ஒரு புது வேலையும் கிடைத்தது.

சென்னையில் என்ன நிலை?

இங்கே கதை ஏற்ற இறக்கமாக இருக்கிறது.

தலைமைத் தபால் நிலையத்தில் 2000-ல் பெரிய தீ விபத்து. அண்ணா சாலை பி.ஆர். அண்ட் சன்ஸ் கட்டிடத்தின் பின்பகுதி 2011-ல் மெட்ரோ பணிக்காக இடிக்கப்பட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலஸ் மஹாலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பழைய கட்டிடத்தைக் கவனிக்காமல் விட்டால் போவது வெறும் சுவர் மட்டும் இல்லை.

நல்ல செய்திகளும் உண்டு. பல காலம் பூட்டிக் கிடந்த செனட் ஹவுஸ், பல்கலைக்கழகத்தின் 150-வது ஆண்டை ஒட்டிச் சீரமைக்கப்பட்டது. கலஸ் மஹால் மீட்டெடுக்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குக் கொடுக்கப்பட்டது. பக்கத்தில் ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித் துறை சீரமைத்தது. விக்டோரியா ஹால் சீரமைப்பு வேலையை சென்னை மாநகராட்சி 2023-ல் தொடங்கியது.

இந்தச் சீரமைப்புகளில் கவனிக்க வேண்டிய விஷயம் சிமென்ட். பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அவை ஈரத்தை இழுத்து, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு செங்கல்லைத் தின்னும். வெளியே பளபளப்பு, உள்ளே புற்று. அதனால்தான் ஹுமாயூன் மஹாலில் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்து, பழைய முறையிலேயே பூசினார்கள். இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. கட்டிடத்தோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டியது அந்தக் கைத்திறனையும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை இடிப்பது தொடர்பான வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தது. சென்னையின் பாரம்பரியக் கட்டிடங்களின் பட்டியல் ஒன்றும் அதில் இடம்பெற்றது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வர 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை எத்தனையோ பழைய வீடுகளும் கடைகளும் சத்தமில்லாமல் போய்விட்டன. அரசுக் கட்டிடம் என்பதால் சிஷோம் கட்டியவை தப்பின. தனியார் கையில் இருந்திருந்தால் சந்தேகம்தான்.

அப்போ இவரை எப்படி நினைவில் வைப்பது?

வெள்ளைக்காரன் கட்டியது நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நவாபிடமிருந்து எடுத்த இடம், பஞ்ச காலத்துச் செலவு, ஆட்சியின் கெத்தைக் காட்ட எழுந்த கோபுரம். எல்லாம் உண்மை.

ஆனால் அந்தக் கட்டிடங்களுக்கு ஆன பணம் இந்த மண்ணின் வரிப்பணம். குவிமாடம் மூடிய கை இந்த ஊர்க் கொத்தனாரின் கை. கூரை பத்மநாபபுரத்துக் கூரை. உள்ளே நடந்த நாடகமும் சட்டமன்றமும் பட்டமளிப்பும் நம் தாத்தா பாட்டிகளுடையவை. சிஷோம் ஒரு திறமையான வரைவாளர். கூடவே, தன்னைவிட இந்த ஊருக்குத் தெரியும் என்று பல இடங்களில் ஒப்புக்கொண்டவர். அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அதுதான். மீதிப் பெருமை மேஸ்திரிகளுக்குப் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பிப் பாருங்கள். தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியாகப் போனால் முதலில் பி.ஆர். அண்ட் சன்ஸ். வாலாஜா சாலையில் திரும்பினால் சேப்பாக்கம் அரண்மனை. கடற்கரை சாலையில் வலது பக்கம் மாநிலக் கல்லூரி, இடது பக்கம் செனட் ஹவுஸ். டிராஃபிக் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. இரண்டு மணி நேரத்தில் 1768-லிருந்து 1879 வரை நடந்துவிடலாம்.

வழியில் எங்காவது வளைவில் செங்கல் தெரியும்படி காரை உதிர்ந்திருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தச் செங்கல்லை வைத்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வைத்த செங்கல் மட்டும் 150 வருஷமாக அங்கேயே இருக்கிறது.